கல்பாசிக்கு வயது என்ன?

ஞாயிற்றுக்கிழமை. செங்கல்பட்டில் ஒரு வீட்டில் குருமா கொதிக்கிறது. பட்டை, கிராம்பு, ஏலக்காயோடு, கருகிய காகிதம் போல ஒரு துண்டும் எண்ணெயில் விழுந்தது. என்ன மணம்! அதுதான் கல்பாசி.

பலர் அதைப் பூ என்று நினைக்கிறார்கள். அது பூ அல்ல. பாசி என்பதும் பாதி உண்மைதான்! ஒரு காளானும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்தும் கூட்டுக் குடித்தனம் அது. காளான் வீடு கட்டி, ஈரத்தைச் சேர்த்து வைக்கிறது. பாசி வெயிலைக் கொண்டு இருவருக்கும் சமைக்கிறது. இப்படி வாழும் உயிர்களுக்கு விஞ்ஞானிகள் 'லைக்கன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

கல்பாசி நம் ஊரில் விளைவதல்ல. நீலகிரி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த மலைகளில் மரப்பட்டைகளிலும் பாறைகளிலும் வளர்கிறது. அதற்கு வேர் இல்லை. மரத்தின் சாற்றை உறிஞ்சுவதும் இல்லை. மழையும் பனியும் காற்றும் கொண்டு வருவதே அதற்கு உணவு.

ஆகையால் காற்று கெட்டால் லைக்கன்களில் பலவும் வாடிவிடும். பாரிஸ் நகரின் நடுவே அழிந்துபோன லைக்கன்கள் அங்குள்ள ஒரு பெரிய பூங்காவில் மட்டும் பிழைத்திருப்பதை, 1866-ஆம் ஆண்டிலேயே நைலாண்டர் என்ற அறிஞர் எடுத்துக் காட்டினார்.

லைக்கன்களைப் பார்க்க மலை ஏற வேண்டியதில்லை. மாமல்லபுரத்துக்குப் போனால் பாறைகளை உற்றுப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாக ஒட்டியிருப்பவற்றில் கல்பாசியின் உறவினர்களும் இருக்கலாம். ஆனால் சுரண்டிப் பார்க்காதீர்கள். சிற்பங்களின் மேல் படர்ந்தால் அவை கல்லை மெல்ல அரிக்கும் என்பது உண்மையே. அதைப் பக்குவமாக நீக்குவது தொல்லியல் துறையின் வேலை. நம் நகம் பட்டால் சிற்பமும் சேர்ந்து கெடும்.

இனி, வயதுக் கணக்கு. லைக்கன்களில் பல, ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளர்கின்றன. நாம் ஒரு நொடியில் எண்ணெயில் போடும் துண்டு, மலையில் பல ஆண்டுகள் பனி குடித்து வளர்ந்தது!

அதைச் சேகரித்து விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள் மலையில் உண்டு. அவர்கள் பிழைப்பு நிலைக்க வேண்டுமானால், கல்பாசியும் நிலைக்க வேண்டும். ஒரு மரத்தில் இருப்பதை முழுவதும் உரித்துவிட்டால், அடுத்த ஆண்டு அங்கே ஒன்றும் இராது. பாதியை விட்டு வைக்கிறவருக்கு நல்ல விலை கொடுப்பது வியாபாரிகளின் கடமை. அப்படி எடுப்பதற்கு வழிகாட்டுவது வனத்துறையின் கடமை.

நம் கடமை மிகச் சிறியது. ஒரு சட்டிக் குருமாவுக்கு ஒரு துண்டு போதும். அதற்கு மேல் போட்டால் கசக்கும்!