மீனுக்கு முன்னால் ஸ்கிம்மர்

போன வாரம் தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். பட்டாலையில் இருக்கும் கடல் மீன் தொட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவர், அடியில் இருந்த கப்பைக் காட்டி, "என்னண்ணே, டிகாஷன் இறக்கி வச்சிருக்கீங்க?" என்றார்.

நிறம் அசல் டிகாஷன்தான். மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கச் சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு இரண்டடி பின்னால் போய்விட்டார். மூன்று நாளில் மீன் தொட்டித் தண்ணீரிலிருந்து பிரிந்து வந்த அழுக்கு அது.

அவருக்கும் பேரனுக்காக ஒரு கடல் தொட்டி வைக்க ஆசை. "என்ன மீன் வாங்கலாம்?" என்று கேட்டார். அது கடைசிக் கேள்வி, முதலில் என்ன ஸ்கிம்மர் என்று கேளுங்கள் என்றேன். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். என் கட்சி இதுதான்: நல்ல ஸ்கிம்மர் வாங்கி, அதை ஒழுங்காக ஓடவிட மனமும் காசும் இல்லாதவர்கள் கடல் மீன் வளர்க்க வேண்டாம். அவர்களுக்கு நன்னீர் மீன் போதும். அதிலும் அழகு உண்டு, பாவமும் குறைவு.

ப்ரோட்டீன் ஸ்கிம்மர் என்றால் பெரிய விஞ்ஞானம் என்று பயப்பட வேண்டாம். நம் அடுப்படியில் தினமும் நடப்பதுதான். பருப்பு வேகும்போது மேலே நுரை பொங்கி வருகிறது, ஆச்சி கரண்டியால் வழித்து எடுத்துவிடுகிறார். சர்க்கரைப் பாகு காய்ச்சும்போது ஒரு கரண்டி பால் விட்டால் அழுக்கு நுரையோடு மேலே திரண்டு வரும், அதையும் எடுத்துவிடுவார்கள். ஸ்கிம்மர் ஏறக்குறைய அதே வேலையை நெருப்பில்லாமல் செய்கிறது.

மீனின் கழிவிலும், தின்னாமல் விட்ட இரையிலும் புரதமும் கொழுப்பும் இருக்கின்றன. இவற்றின் அணுக்கூட்டங்களில் ஒரு முனைக்குத் தண்ணீர் பிடிக்கும், மறு முனைக்குத் தண்ணீர் ஆகாது. காற்றுக் குமிழி ஒன்று வந்தால் தண்ணீர் ஆகாத முனை காற்றுப் பக்கம் திரும்பி, குமிழியின் தோலில் ஒட்டிக்கொள்ளும். குமிழிகள் மேலே ஏறி, நுரையாகத் திரண்டு, கழுத்து வழியாக வழிந்து கப்பில் விழும். அவ்வளவுதான் சங்கதி.

இது உப்புத் தண்ணீரில்தான் நன்றாக நடக்கும். நல்ல தண்ணீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிவிடும். உப்பு அதைத் தடுக்கிறது. அதனால்தான் கடல் அலை வெள்ளையாக நுரைக்கிறது, நம் ஊருணியில் கல்லெறிந்தால் நுரைப்பதில்லை. கடலில் அழுக்கு கூடினால் நுரையும் கூடும். 2019 நவம்பர் கடைசியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் சென்னைக் கடற்கரையில் நாள்கணக்கில் வெள்ளை நுரை ஒதுங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். மழையோடு ஊர்ச் சாக்கடை கடலில் கலந்ததன் விளைவு அது. பிள்ளைகள் அதில் குதித்து விளையாடியதைப் பார்த்தபோது எனக்கு என் வீட்டுக் கப்புதான் நினைவுக்கு வந்தது.

இது இல்லாமல் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். கழிவு தண்ணீரிலேயே கிடந்தால் அழுகி அம்மோனியாவாக மாறும். மீனுக்கு அது விஷம். தொட்டியில் உள்ள நல்ல பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். ஆனால் அவை பெருகி நிலைக்க நாலு முதல் ஆறு வாரம் ஆகும். ஸ்கிம்மர் அழுகுவதற்கு முன்னாலேயே கழிவை வெளியேற்றிவிடுகிறது. உருவாகிவிட்ட அம்மோனியாவை அதனால் எடுக்க முடியாது. வீட்டில் குப்பையை அன்றன்றைக்கே வெளியே போடுவதற்கும், நாறிய பிறகு ஊதுபத்தி கொளுத்துவதற்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

என் தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கணக்குப் போட்டால் சுமார் 255 லிட்டர். முதலில் வாங்கிய ஸ்கிம்மரின் பெட்டியில் "400 லிட்டர் வரை" என்று போட்டிருந்தது. கடைக்காரர் தாராளமாகப் போதும் என்றார். மரக்கட்டைத் துண்டு வழியாக ஏர் பம்ப் காற்றை ஊதும் சின்ன வகை. விலையும் மலிவு. மிச்சமான காசில் ஆசைப்பட்டு ஆறு மீன் வாங்கினேன்.

முதல் மாதம் நன்றாக ஓடியது. அப்புறம் அந்த மரக்கட்டை அடைத்துக்கொண்டது. பொடிக் குமிழி போய்ப் பெருங்குமிழி வர ஆரம்பித்தது. கப்பில் ஒன்றும் சேரவில்லை. தண்ணீர் சுத்தமாகிவிட்டது, அதனால்தான் அழுக்கு வரவில்லை என்று நினைத்து நான் சந்தோஷப்பட்டேன். கூட ஒரு வேளை இரையும் போட்டேன். நல்ல கோடை. ஒரு கல்யாணத்துக்குப் போய் இரண்டு நாள் கழித்து வந்தால் தண்ணீர் நீராகாரம் மாதிரி கலங்கிக் கிடக்கிறது. ஆறில் நாலு செத்து மிதந்தன. ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து செவுளை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தது. விடுமுறைக்கு வந்திருந்த பேரன், "ஐயா, அது தூங்குதா?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை.

அந்த மீன்கள் என் வீட்டுக்கு வரவேண்டும் என்று கேட்கவில்லை. தேவகோட்டை வழியாகத் தொண்டிக்குப் போனால் கடல். அங்கே ஒரு மீனுக்குக் கிடைக்கும் தண்ணீருக்கு அளவே இல்லை. அதைப் பிடித்து வந்து கண்ணாடிப் பெட்டிக்குள் விடுகிறோம். கடல் செய்த வேலையை யாராவது செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் அது வளர்ப்பு ஆகாது, மெதுவாகக் கொல்வதுதான்.

இரண்டாவது ஸ்கிம்மரை விவரம் தெரிந்து வாங்கினேன். அதிலிருந்து சில பாடங்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கில் பாதியை மட்டும் நம்புங்கள். மீன் குறைவாக இருக்கும் தொட்டிக்கு அது சரியாக இருக்கலாம். நாமோ மீன் கூடுதலாகப் போடுவோம், பேரன் வந்தால் இரையும் கூடுதலாகப் போடுவோம். 250 லிட்டருக்கு 500 என்று போட்ட ஸ்கிம்மர்தான் சரி. அதற்காக 2000 லிட்டர் ஸ்கிம்மரையும் வாங்க வேண்டாம். அழுக்கு போதாவிட்டால் அதன் கழுத்தில் நுரை நிற்காது.

நீடில் வீல் வகையைப் பாருங்கள். பம்ப் சக்கரத்தில் ஊசி ஊசியாக இருக்கும். காற்றை அடித்துப் பொடிக் குமிழியாக்கும். அதே அளவு காற்றில் குமிழியின் குறுக்களவு பாதியானால், அழுக்கு ஒட்டும் பரப்பு இரண்டு மடங்கு ஆகும். மரக்கட்டையை அடிக்கடி மாற்றும் தொல்லையும் இல்லை.

ஸ்கிம்மரைத் தொட்டிக்குக் கீழே தனிப் பெட்டியில், அதாவது சம்ப்பில், வையுங்கள். அது நிற்கும் அறையில் தண்ணீர் எப்போதும் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும். பல ஸ்கிம்மர்களுக்கு 7 முதல் 9 அங்குலம் என்று போட்டிருக்கும். மட்டம் ஏறினால் கப் பொங்கி வழியும், இறங்கினால் நுரையே வராது. சம்ப்பில் ஒரு தடுப்புக் கண்ணாடி வைத்துவிட்டால் ஆவியாகும் குறை கடைசி அறையில் மட்டும் தெரியும். அந்தக் குறைக்கு உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது. தண்ணீர்தான் ஆவியாகிறது, உப்பு அங்கேயே இருக்கிறது. ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றுங்கள். கரண்ட் போனால் மேல் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீருக்கும் சம்ப்பில் இடம் விட்டு வையுங்கள். இல்லையென்றால் ஆத்தங்குடிக் கல் தரையெல்லாம் கடல்தான்.

பொறுமை வேண்டும். புது ஸ்கிம்மரின் பிளாஸ்டிக்கில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். முதல் நாள் ஒன்றும் வராது, அல்லது வெறும் தண்ணீராகக் கொட்டும். சில நாளிலிருந்து இரண்டு வாரம் வரை பிடிக்கும். தினமும் திருகிக்கொண்டே இருக்காதீர்கள். ஒரு தடவை திருகினால் ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தலைக்கு எண்ணெய் தேய்த்த கையைத் தொட்டிக்குள் விட்டால் நுரை சட்டென்று அமுங்கிவிடும். கவலைப்பட வேண்டாம், சில மணி நேரத்தில் திரும்ப வரும். கழுத்தை மட்டும் மூன்று நாளைக்கு ஒரு தரம் துடைத்துவிடுங்கள். அங்கே பிசுக்கு படிந்தால் நுரை ஏறாது.

உப்பு விஷயத்தில் ஜாக்கிரதை. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் என்றால் 250 லிட்டருக்கு ஒன்பது கிலோவை ஒட்டி வரும். சமையல் உப்பு உதவாது. கால்சியம், மக்னீசியம் எல்லாம் கலந்த கடல் தொட்டி உப்புதான் வேண்டும். ஸ்கிம்மரில் வெடிக்கும் குமிழிகள் உப்பைச் சுற்றிலும் தெளிக்கும். உப்புக் காற்று உலோகத்தை எப்படி அரிக்கிறது என்று ஆராயவே நம் காரைக்குடி சிக்ரி மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பிளக்கைச் சம்ப்புக்கு நேர் மேலே வைக்காதீர்கள். ஒயர் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கி மேலே ஏறட்டும். வழியும் சொட்டு அந்த வளைவிலேயே விழுந்துவிடும்.

இன்வெர்ட்டர் இருந்தால் ஃபேனுக்கு முன் ஸ்கிம்மருக்குக் கொடுங்கள். தண்ணீர் சூடாக ஆகப் பிராணவாயு அதில் குறையும். நம் ஊர் மே மாதத்தில் ஸ்கிம்மர் அழுக்கை எடுப்பதோடு மீனுக்கு மூச்சும் கொடுக்கிறது.

ஸ்கிம்மரே வேண்டாம், வாராவாரம் தண்ணீர் மாற்றினால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. சின்னத் தொட்டி, இரண்டே மீன், தவறாமல் தண்ணீர் மாற்றும் ஆள் என்றால் நடக்கும். ஆனால் நம் வயதில் வாராவாரம் 25 லிட்டர் கேனைத் தூக்கி உப்புக் கரைத்து ஊற்ற இடுப்பு ஒத்துழைக்குமா? ஒரு வாரம் தள்ளிப்போடுவோம், அடுத்த வாரம் மறந்துபோவோம். ஸ்கிம்மர் இருந்தாலும் தண்ணீர் மாற்றத்தான் வேண்டும். ஆனால் நாம் தவறும் வாரத்தில் மீன் சாகாது.

வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து, உயிருள்ள பாறையும் பவளமும் போட்டால் அவையே சுத்தம் செய்துவிடும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. பவளமும் கடற்குதிரையும் 2001இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலியைப் பிடித்து வைப்பதும் அதுவும் சட்டத்தின் முன் ஒரே வரிசை. யாராவது மலிவாகக் கொண்டுவந்து தருகிறேன் என்றால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். நமக்குக் காய்ந்த கல்லும் பீங்கான் வளையமும்தான். அவற்றில் பாக்டீரியா பிடிக்க நாளாகும். அதனாலும் நமக்கு ஸ்கிம்மர் இன்னும் அவசியம்.

மீன் வாங்கும்போதும் அதே மாதிரிதான். கடலில் பிடித்ததை வாங்காமல், குஞ்சு பொரித்து வளர்த்த கோமாளி மீனைக் கேட்டு வாங்குங்கள். மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் அதை வளர்க்கும் வித்தையைக் கண்டிருக்கின்றன. பிறந்ததிலிருந்தே தொட்டியில் வளர்ந்த மீனுக்கு நம் வீடு அவ்வளவு அந்நியமாக இருக்காது.

இப்போது என் தொட்டியில் இரண்டே இரண்டு கோமாளி மீன்கள். ஸ்கிம்மரை ஓடவிட்டு, ஆறு வாரம் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்த பிறகுதான் அவை வந்தன. வந்து போகிறவர்கள், "இவ்வளவு பெரிய தொட்டிக்கு ரெண்டு மீனா?" என்று கேட்கிறார்கள். ஆச்சிக்குக் கூட அந்தக் குறை உண்டு.

எனக்கு இல்லை. காலையில் எழுந்ததும் மீனைப் பார்ப்பதற்கு முன் கப்பைப் பார்க்கிறேன். அதில் டிகாஷன் நிறத்தில் அழுக்கு சேர்ந்திருந்தால் நிம்மதி. கழுவி வைத்துவிட்டு என் காப்பியைக் குடிக்கப் போகிறேன்.