புண் ஆறப் பத்தியம் வேண்டுமா?

முழங்கால் மூட்டு மாற்றுச் சிகிச்சை பெற்று வீடு திரும்பும் முதியோர் இன்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பலர். “மீன் கிரந்தி, முட்டையும் ஆகாது, புண் சீழ் பிடிக்கும்” என்று அயலார் எச்சரிப்பர். அன்பினால் எழும் சொல்லே எனினும், அது நோயாளிக்குக் கேடு விளைப்பதாகும்.

1974ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் டாக்டர் ஜோன் இன்சாலும் துணைவரும் பொருத்திய மூட்டு, இன்றைய செயற்கை மூட்டுகளுக்கு வழிகாட்டியது. மூட்டைப் பொருத்திய பின் மூட்டுறை, தோலடிக் கொழுப்பு, தோல் எனப் படைபடையாகக் காயத்தைத் தைப்பர். வெளித்தையலை ஏறக்குறைய 10 முதல் 14 நாட்களில் அகற்றுவர். ஆயினும் 3 வாரமாகியும் அவ்விடத்திற்குப் பழைய வலிமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே உண்டு. மேலும் வலிமை தருவது கொலாஜன் என்னும் நார். அதனை ஆக்க உடலுக்குப் புரதமும் உயிர்ச்சத்து சீயும் வேண்டும். மீன், முட்டை, பயறு, நெல்லிக்காய், கொய்யா ஆகியன அவற்றை அளிக்கும். ஒவ்வாத உணவை மட்டும் விலக்குக. சிறுநீரக நோயுள்ளோர் வைத்தியரைக் கேட்டு உண்க.

சீழுக்குக் காரணம் கிருமியேயன்றி மீன் அன்று. கட்டுக்கடங்கா நீரிழிவும் புகைத்தலும் புண் ஆறுவதைத் தடுக்கும். காயத்தில் எண்ணெயோ மஞ்சளோ பூசலாகாது. நீர் கசிந்தாலும், சிவந்து வலி மிகுந்தாலும், காய்ச்சல் கண்டாலும் மருந்துக் கடையை நாடாது, அன்றே சத்திரசிகிச்சை வைத்தியரிடம் காட்டுக. கிருமி உள்ளே பரவினால் புதிய மூட்டையே அகற்ற நேரலாம்.

தாய்மாரே, காயத்தைச் சுத்தமாகக் காப்பதும் வயிற்றை வாடவிடாதிருப்பதுமே நற்பத்தியம்.