ஏழு பேர்ச் வீடு காணி உரிமை ஆகாது

லயத்தை இடித்துத் தனி வீடு கட்டிக் கொடுத்துவிட்டால் தோட்டத் தொழிலாளி சொந்தக்காரர் ஆகிவிடுவார், நலிந்துவரும் தோட்டமும் நிமிர்ந்துவிடும் என்ற நம்பிக்கை பதுளை, மொனராகலை மாவட்டங்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அடிக்கல் நாட்டு விழாக்களில் எல்லாக் கட்சி மேடைகளிலும் இதுவே ஒலிக்கிறது. சொல்பவர்களில் பலர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் இது தவறான நம்பிக்கை. வீடும் காணி உரிமையும் பிழைப்பும் ஒன்றல்ல. முதலாவதைக் கொடுத்துவிட்டு மற்ற இரண்டையும் கொடுத்ததாகக் கணக்குக் காட்டுவது அந்த மக்களுக்கு இழைக்கப்படும் அநீதி.

வரிசை வீடுகளான லயங்கள் ஆட்களைத் தோட்டத்தோடு கட்டிவைக்க எழுந்தவை. ஒரு காம்பரா, முன்னால் ஒடுங்கிய இஸ்தோப்பு. தோட்டத்தின் தொழிலாளர் பதிவில் பேர் இருக்கும்வரை அங்கே இருக்கலாம். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுக்கு வந்தன. 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்கு மாறியது. பின்னர் 2045 வரை நீளும் நெடுங்குத்தகையாகவும் ஆனது. இத்தனை கைமாற்றங்களிலும் லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு அவர்கள் காலடி மண் சொந்தமாகவில்லை. மண் அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது. வீட்டுக்கான நிலத்தை முதலில் குத்தகையிலிருந்து விடுவித்து, அளந்து, பிறகுதான் உறுதி எழுத முடியும். இந்த வேலை மெதுவாக நடக்கிறது; கட்டடம் விரைவாக எழுகிறது. அதனால்தான் வீடு முன்னே வந்து உறுதி பின்னால் தங்கிவிடுகிறது.

இந்திய அரசின் உதவியில் மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களுக்கு முதலில் 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. மேலும் 10,000 வீடுகளை 2017 மே மாதம் நோர்வூட்டில் பிரதமர் மோடி அறிவித்தார். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 550 சதுர அடி, 7 பேர்ச் நிலத்தில். தனிச் சமையலறை, தனி மலசலகூடம், கதவை அடைத்துக்கொண்டு பிள்ளை படிக்க ஓர் அறை ஆகியவை தலைமுறைகளாக மறுக்கப்பட்டவை. அவற்றைக் குறைத்துப் பேசுவது நியாயமல்ல. 2025 அக்டோபரில் பண்டாரவளையில் ஜனாதிபதி கலந்துகொண்ட விழாவில் சுமார் 2,000 குடும்பங்களுக்கு வீட்டு உரிமைக்கான பத்திரங்கள் வழங்கப்பட்டன. ஆனால் காணிப் பதிவகத்தில் ஏறிய உறுதியும் பயனாளி என்று சான்று சொல்லும் தாளும் சமமல்ல. வங்கி ஈடாக ஏற்பதும், பிள்ளைக்கு வழக்கின்றி எழுதிக் கொடுக்க முடிவதும் உறுதியைத்தான். கடன் திட்டங்களில் வீடு கட்டி, சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தம் கொடுத்த பல குடும்பங்களும் உறுதிக்காக நெடுங்காலம் காத்திருந்திருக்கின்றன.

ஏழு பேர்ச் என்ற அளவையும் கேள்வி கேட்காமல் விடக்கூடாது. மொனராகலைக்கு வடகிழக்கே, கல்லோயாத் திட்டத்தில் தொடக்கத்தில் குடியேறிய விவசாயக் குடும்பத்துக்கு 4 ஏக்கர் நீர்ப்பாசன வயலும் அதற்கு மேல் மேட்டுக் காணியும் கிடைத்தன. ஓர் ஏக்கர் 160 பேர்ச். வயல் மட்டுமே 640 பேர்ச். அந்தத் திட்டம் தொடங்கிய அதே காலத்தில்தான், 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றவர்களாக்கியது. விவசாயிக்குப் பிழைக்க நிலம் வேண்டும் என்று அரசு அன்றே அறிந்திருந்தது. தோட்டத் தொழிலாளிக்கு மட்டும் கூரை போதும் என்ற எண்ணம் அன்றைய விலக்கலின் மிச்சம். ஏழு பேர்ச்சில் வீடு போக மிஞ்சுவது கொஞ்சம் கீரைப் பாத்திக்குத்தான் காணும்.

வீடு வந்தால் இளைஞர்கள் தோட்டத்தில் தங்குவார்கள் என்பதும் நடைமுறைக்கு ஒவ்வாதது. பசறை, லுணுகலைப் பக்கத்துத் தேயிலையிலும் மொனராகலை இறப்பரிலும் நாட்சம்பளம் ஒரு குடும்பத்தைத் தாங்காது. அதனால் பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போகிறார்கள். புதுச் சுவர் அவர்களைத் திருப்பி அழைக்காது. உறுதியோடு வீடு இருந்தாலும் பிழைப்பின்றி அது நிலைக்காது: கார்த் தொழில் சரிந்த அமெரிக்காவின் டெட்ராயிட் நகரில் ஏராளமான குடும்பங்களுக்குச் சொந்த வீடும் முறையான பத்திரமும் இருந்தன. வருமானம் நின்றதும் வீட்டு வரி கட்ட முடியாமல் அந்த வீடுகளையே அவர்கள் இழந்தார்கள்.

காணி இல்லாமையின் விலை என்ன என்பதை 2014 அக்டோபர் 29 காட்டியது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரித்தும் மக்கள் போகவில்லை என்று பிறகு பழி சொன்னவர்கள் உண்டு. போவதற்கு அவர்களுக்கு ஒரு துண்டு நிலம் எங்கே இருந்தது? உயிர் தப்பியவர்களும் புது வீட்டுக்கு 2016 வரை காத்திருந்தார்கள்.

எனவே தோட்ட வீடமைப்பின் முன்னேற்றத்தைத் திறந்துவைத்த வீடுகளின் எண்ணிக்கையால் அளப்பது நிற்க வேண்டும். குத்தகையிலிருந்து விடுவித்த காணி எவ்வளவு, பதிவான உறுதிகள் எத்தனை, அவற்றில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் பெயரும் சேர்ந்தவை எத்தனை என்று கேட்க வேண்டும். தேயிலை கைவிடப்பட்டுக் காடேறிக் கிடக்கும் மலைகளில், சரிவு ஆபத்து இல்லாத இடங்களைப் பயிர்செய்ய அங்கே வாழும் குடும்பங்களுக்கே பிரித்துக் கொடுக்க வேண்டும். தோட்டத்தில் பேர் இல்லாதவர்களும், வேலைக்கு வெளியே போனவர்களும் இந்தப் பட்டியலில் இடம்பெற வேண்டும். அவர்களுடைய பெற்றோரும் பாட்டன்மாரும் உழைத்த மண் இது.