மேல்நாட்டுச் சரக்கா?

"இதெல்லாம் நம்மூர்ல எங்கீங்க இருந்துச்சு? செல்போன் வந்துதான் கெடுத்துப்போடுச்சு." கல்யாணம் கட்டாமல் குடித்தனம் நடத்தும் ஜோடியைப் பற்றியோ, சேர்ந்து வாழும் இரண்டு பெண்களைப் பற்றியோ பேச்சு வந்தால் போதும், வேலந்தாவளம் டீக்கடையில் இந்த வாக்கியம் விழுந்துவிடும். படுக்கையறைச் சங்கடத்துக்கு டாக்டரைப் பார்ப்பதும், அதைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுவதும்கூட வெள்ளைக்காரன் பழக்கம்தானாம். தமிழக-கேரள எல்லையில் செக்போஸ்ட் ஊர்க்காரர்கள் நாம். எந்தச் சரக்கு எங்கிருந்து வருகிறது என்று நமக்குத் தெரியாதா என்ற தெம்பு. ஆனால் இந்த விஷயத்தில் பில்லைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருக்கிறோம்.

நம் ஊர் இருக்கும் சித்தூர் தாலுகா 1949 வரை கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. பக்கத்தில் மலபார். இரண்டிலும் மருமக்கத்தாயம் என்ற தாய்வழி முறைக் குடும்பங்களில் 'சம்பந்தம்' என்ற ஏற்பாடு இருந்தது. ஒரு முண்டுத் துணியைக் கொடுத்து உறவு தொடங்கும். கணவன் இரவில் வருவான், விடிந்ததும் தன் தறவாட்டுக்கு, அதாவது தன் தாய்வழிக் குடும்ப வீட்டுக்குப் போய்விடுவான். பிள்ளைகள் அம்மா வீட்டுக்குச் சொந்தம். அவர்களுக்குப் பொறுப்பு தாய்மாமன். ஒத்துவரவில்லையென்றால் இருவரில் யாரும் முறித்துக்கொள்ளலாம், வக்கீல் வேண்டாம். இது கல்யாணமே இல்லை என்று சொன்னது ஆங்கிலேயர் காலத்துக் கோர்ட். 1896ல் மலபார் திருமணச் சட்டம் போட்டுப் பதிவு செய்துகொள்ளச் சொன்னார்கள். வெகு சிலரே போனார்கள். கொச்சியில் 1920ல் நாயர் சட்டம், மலபாரில் 1933ல் மருமக்கத்தாயச் சட்டம் என்று ஒவ்வொன்றாக வந்துதான் அப்பன் தலைமையிலான குடும்பம் சட்டமாக ஊன்றியது. நாயர் இளைஞர்களே கேட்டு வாங்கியவைதான் இவை. சம்பந்தத்துக்குள் நம்பூதிரிப் பிராமணர் ஆதிக்கம் எவ்வளவு இருந்தது என்பதும் தெரிந்த கதை. அதைப் பொற்காலம் என்று நான் பாடவில்லை. இந்த மண்ணில் இருந்தது என்கிறேன்.

நீலகிரிக்குப் போனால் தோடர்கள். அண்ணன் தம்பிகளுக்கு ஒரே மனைவி என்ற வழக்கத்தை 1906ல் வெளியான தன் நூலில் மானிடவியலாளர் ரிவர்ஸ் விரிவாக எழுதிவைத்திருக்கிறார். கர்ப்பத்தின்போது வில்லும் அம்பும் கொடுக்கும் சடங்கை யார் செய்கிறாரோ அவரே பிள்ளைக்குத் தகப்பன். சரி, மலைவாசி கதை வேண்டாம், நம் கதைக்கே வருவோம். சென்னை மாகாணத்து இந்து ஆணுக்கு ஒரு மனைவிதான் என்று சட்டம் கட்டிப்போட்டதே 1949ல்தான். அதற்கு முன் சின்ன வீடு வைத்திருந்த மிட்டா மிராசுகளை எந்தச் செல்போன் கெடுத்ததோ!

அடுத்தது டாக்டர், பத்திரிகை விஷயம். பம்பாயில் ரகுநாத் தோண்டோ கார்வே என்று ஒருவர், கணிதப் பேராசிரியர். 1921லேயே கருத்தடை நிலையம் திறந்தார். இந்தப் பேச்சுக்காகவே கல்லூரி வேலையை இழந்தார். 1927ல் 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' என்ற மராத்தி மாத இதழைத் தொடங்கி 1953ல் சாகும்வரை நடத்தினார். வாசகர்கள் கேட்பார்கள், அவர் பதில் எழுதுவார். சுயஇன்பம், ஒருபால் உறவு பற்றிய கேள்விகளுக்குப் பதில் எழுதியதற்காக 1934ல் ஆபாச வழக்கு பாய்ந்தது. அவருக்காக வாதாடியவர் அம்பேத்கர். வாசகன் சந்தேகம் கேட்டால் பதில் சொல்லத்தானே பத்திரிகை, பாலுறவைப் பற்றி எழுதியதாலேயே அது ஆபாசமாகிவிடுமா என்பது அவர் வாதம். வழக்கு தோற்றது, 200 ரூபாய் அபராதம். கேள்வி கேட்டவர்கள் லண்டன்காரர்கள் அல்ல, மராத்தி வாசிக்கத் தெரிந்த நம்மவர்கள்.

அம்பேத்கர் தோற்ற இடத்துக்கு நீதிமன்றம் வந்துசேர 87 ஆண்டுகள் ஆயின. சேர்ந்து வாழ வீட்டை விட்டு வந்த இரண்டு பெண்களின் வழக்கில், தனக்கே ஒருபால் உறவு புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு மனநல ஆலோசகரிடம் போய் உட்கார்ந்தார் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். 2021 ஜூன் 7 அன்று, இத்தகையவர்களை 'மாற்றுகிறேன்' என்று செய்யும் சிகிச்சைக்குத் தடை போட்டார். 2025 மே மாதம் அதே நீதிமன்றம், கல்யாணம் ஒன்றால் மட்டுமே குடும்பம் அமைவதில்லை, தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பமும் குடும்பமே என்றது. பெற்ற பிள்ளையை மந்திரவாதியிடம் இழுத்துப்போகும் தகப்பனைவிட, தெரியாததைப் படித்துக்கொள்ளப் போன அந்த நீதிபதிதான் பண்பாடு தெரிந்தவராக எனக்குப் படுகிறார்.

மகப்பேறு மருத்துவரான மகிந்தர் வாட்சாவையும் சொல்லவேண்டும். 1970களிலேயே குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கத்தில் பாலியல் ஆலோசனைக்கு இடம் கேட்டு வாங்கினார். எண்பது வயதைக் கடந்தபின், 2005ல், மும்பை மிரர் நாளிதழில் கேள்வி பதில் பகுதி ஆரம்பித்து, 2020 டிசம்பரில் 96 வயதில் இறக்கும்போது இருபதாயிரத்துக்கு மேற்பட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருந்தார். பதில்கள் இரண்டு மூன்று வரிதான். கொஞ்சம் நக்கல், நிறைய அறிவியல். பெரும்பாலும் அவர் சொன்னது, பயப்படாதே, இது எல்லோருக்கும் உள்ளதுதான் என்பதையே.

அந்த ஆறுதல் கிடைக்காத பையன் எங்கே போகிறான்? பஸ் ஸ்டாண்டில் மூத்திரச் சந்துச் சுவரைப் பாருங்கள். 'வாலிப, வயோதிக அன்பர்களே' என்று மஞ்சள் நோட்டீஸ், கீழே நரம்புத் தளர்ச்சி, விந்து விரயம், சிறுவயதுத் தவறு, அதற்கும் கீழே லாட்ஜ் பெயர், ரூம் நம்பர், வைத்தியர் வரும் தேதி. இப்படி விளம்பரம் செய்வதையே 1954ம் ஆண்டின் மாய மருந்து விளம்பரச் சட்டம் தடுக்கிறது. ஆனாலும் பசை காய்வதற்குள் அடுத்த நோட்டீஸ் ஏறிவிடுகிறது. இல்லாத நோய்க்குப் பயமுறுத்தி, சம்பளப் பணத்தைக் கறந்துகொண்டு, பஸ்பம் என்று பொட்டலம் கொடுத்து அனுப்புகிறார்கள். வாங்கி வந்தவன் வீட்டில் சொல்ல முடியாது, போலீஸுக்கும் போக முடியாது. படித்த டாக்டர் பேசினால் கலாசாரம் கெட்டுவிடும் என்று குதிக்கும் நம்மாட்கள், இந்த நோட்டீஸ் ஒட்டுகிறவனை ஒருநாளும் மேல்நாட்டான் என்று சொல்லி நான் கேட்டதில்லை.