காற்றில்லாத ஸ்டெப்னி

நெடுஞ்சாலையில் ஒரு லாரியின் டயர் வெடித்துவிடுகிறது. கவலையில்லை, ஸ்டெப்னி இருக்கிறதே! இறக்கிப் பார்த்தால் அதில் காற்று இல்லை. அந்த லாரியில் ஸ்டெப்னி இருந்தது என்று சொல்ல முடியுமா?

கணிப்பொறிகளைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது. வங்கிக் கணக்கு, ரயில் முன்பதிவு, தேர்வு மதிப்பெண் எல்லாம் இன்று தரவுத்தளங்கள் என்னும் மின்னணுப் பேரேடுகளில் இருக்கின்றன. அவற்றைக் காத்து, கேட்பவருக்கு எடுத்துத் தரும் கணிப்பொறியே சர்வர். அது பழுதானால் என்ன ஆகும்? “நகல் வைத்திருக்கிறோம்” என்பார்கள் பொறுப்பாளர்கள். இந்த விடை போதாது என்பது என் கருத்து.

2017 ஜனவரி 31 அன்று நடந்ததைப் பாருங்கள். கிட்லேப் என்பது நிரலாளர்கள் எழுதும் நிரல்களைச் சேமித்து வைக்க உதவும் நிறுவனம். அதற்கு ஒரு முதன்மை சர்வரும், அதில் எழுதப்படுவதை உடனுக்குடன் படியெடுக்கும் துணை சர்வரும் இருந்தன. அன்றிரவு துணை சர்வர் பின்தங்கிவிட்டது. அதைக் காலி செய்து புதிதாகப் படியெடுக்க முயன்ற பொறியாளர், அழிக்கும் கட்டளையைத் தவறுதலாக முதன்மை சர்வரில் தந்துவிட்டார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 கிகாபைட் தரவு அழிந்தது. துணை சர்வரோ ஏற்கெனவே காலி!

காப்பு நகல்கள் என்னவாயின? நாள்தோறும் நகலெடுக்க ஏற்பாடு இருந்தது. ஆனால் நகலெடுக்கும் நிரல் 9.2ஆம் பதிப்பு, தரவுத்தளம் 9.6ஆம் பதிப்பு. இரண்டும் ஒத்துப்போகாததால் நகலே உருவாகவில்லை. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களையும், உரிய சான்று இல்லாததால், பெறும் சர்வர் ஏற்கவில்லை. மணி அடித்தது, யார் காதிலும் விழவில்லை.

வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு நகல் தற்செயலாகக் கைகொடுத்தது. சேவை மீளச் சுமார் 18 மணி நேரம் ஆயிற்று. நிரல்கள் தப்பின. இடைப்பட்ட நேரத்தில் பதிவான சுமார் 5000 கருத்துரைகளும் 700 புதிய பயனர் கணக்குகளும் போயின. நிறுவனம் எதையும் மறைக்காமல் முழு அறிக்கை வெளியிட்டதால்தான் நாம் இதை அறிகிறோம். அது பாராட்டத்தக்கது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? துணை சர்வர் வேறு, காப்பு நகல் வேறு. இயந்திரம் பழுதானால் துணை சர்வர் உதவும். ஆனால் தவறான கட்டளையால் பதிவுகள் அழிந்தால், அந்த அழிவையும் அது அப்படியே படியெடுத்துக்கொள்ளும். நகலும் அதே வலையமைப்பில் இருந்தால், உள்ளே புகும் திருடன் இரண்டையும் கெடுத்துவிடுவான். ஆகவே ஒரு நகலாவது தனியே, தொலைவில் இருக்க வேண்டும். கண்காணிப்பு முறையோ தோல்வியை மட்டும் சொன்னால் போதாது. “இன்று நகல் எடுத்தாயிற்று” என்று நாள்தோறும் சொல்ல வேண்டும். அது சொல்லாத நாளில் சந்தேகம் எழ வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நகலை வேறொரு கணிப்பொறியில் மீட்டுப் பார்க்க வேண்டும். எத்தனை மணி நேரம் ஆகிறது என்றும் குறித்துவைக்க வேண்டும். இது வீண்செலவு என்பவர்கள் உண்டு. செலவு உண்மைதான். ஆனால் மீட்டுப் பார்க்காத நகலுக்குச் செய்யும் செலவே வீண் என்பேன்.

மாணவ நண்பர்களே, நாளை உங்களில் சிலர் இந்தப் பேரேடுகளைக் காக்கும் பொறுப்பில் அமர்வீர்கள். “நகல் இருக்கிறதா?” என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். “கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள்?” என்றும் கேளுங்கள்.