நோய்க்குப் பெயர் தெரியும் வரை

உப்பளத்தில் கூலி வேலை செய்யும் ஒரு குடும்பத்தின் கஷ்டம் ஊருக்குத் தெரியும் முன்பே நம் பற்று நோட்டுக்குத் தெரிந்துவிடுகிறது. கூலி வாங்கியதும் பாக்கியை அடைத்தவர் இரண்டு வாரம் தவணை கேட்கிறார். எண்ணெய் நிற்கிறது, பருப்பு பாதியாகக் குறைகிறது. விசாரித்தால், "அவருக்கு ஒடம்பு முடியலண்ணே, என்னன்னே தெரியல" என்று அவருடைய மனைவி கண் கலங்குகிறார்.

மரக்காணம் வட்டார வணிகர்களுக்கு இது புதிய காட்சி அல்ல. பெயர் தெரிந்த நோய்க்கு இன்று வழி உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. டயாலிசிஸும் அதில் அடக்கம். ஆனால் நோய் இன்னதென்று தெரியும் முன், தனியார் பரிசோதனைக் கூடங்களில் கட்டிய பணமும், பேருந்துக் கட்டணமும், துணைக்குப் போனவர் இழந்த கூலியும் திரும்பி வருவதில்லை. தாலியும் தோடும் அடகுக்குப் போவது இந்தக் கட்டத்தில்தான். ஆகவே நம் உதவியும் இந்தக் கட்டத்தில்தான் போய்ச் சேர வேண்டும் என்பது நம் கருத்து.

உப்பளக் கரையில் முதலில் சந்தேகப்பட வேண்டியது சிறுநீரகத்தை. 2017 முதல் 2020 வரை தமிழக உப்பளங்களில் 350-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் பரிசோதித்தார்கள். 100-க்குச் சுமார் 7 பேருக்குச் சிறுநீரகத்தின் வேலைத்திறன் குறைந்திருந்தது. நிழலில்லாத வெயிலில் உப்பு வாருகிறார்கள். ஒதுங்க இடமில்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும், ஆந்திரத்தின் உத்தானம் பகுதியிலும் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு எதுவும் இல்லாத உழைப்பாளிகளுக்குச் சிறுநீரகம் கெடுகிறது. காரணம் இதுதான் என்று மருத்துவ உலகம் இன்னும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. இந்நோய் முற்றும் வரை வெளியில் தெரியாது. ஆனால் ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்தால் முன்கூட்டியே தெரியும். அது பெரிய செலவு பிடிக்கும் பரிசோதனை அல்ல.

நாம் செய்யக்கூடியவை நான்கு.

முதலாவது, நோய் வந்த வீட்டின் பற்றை நிறுத்தக் கூடாது. அரிசி, பருப்பு, எண்ணெய்க்கு ஓர் அளவு வைத்து, மூன்று மாதமாவது தொடர்ந்து கொடுப்போம்.

இரண்டாவது, ஆள் பார்த்து, ஊர் பார்த்து அலையாமல், எல்லாச் சீட்டுகளையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, புதுவை ஜிப்மருக்கோ சீக்கிரமே போகச் சொல்வோம். படிக்கத் தெரிந்த ஒருவரைத் துணைக்கு அனுப்பினால் இன்னும் நல்லது.

மூன்றாவது, காப்பீட்டு அட்டை இல்லாத வீடுகளுக்கு வருமானச் சான்று வாங்கவும், அட்டை பெறவும் உதவுவோம். நோய் வந்த பிறகு தேடுவதைவிட இப்போதே எடுத்து வைப்பது மேல்.

நான்காவது நம்மைப் பற்றியது. உடம்பு வலி என்று வருபவருக்குக் கடையில் தொங்கும் வலி மாத்திரையைக் கிழித்துக் கொடுக்கும் பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. டைக்ளோபினாக், ஐபுபுரூபன் போன்றவை, நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியவை. ஒரு மாத்திரையில் கிடைக்கும் சில்லறை லாபத்துக்காக நம் வாடிக்கையாளரையே இழப்பது வியாபாரம் ஆகுமா? அதை இன்றோடு விட்டுவிடுவோம்.

"கொடுத்த கடனே வரவில்லை, இதில் தர்மம் வேறா?" என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. மழைக்காலத்தில் உப்பளம் ஓய்ந்தால் நம் கல்லாவும் ஓய்ந்துவிடுகிறது. ஒரு கடை தனியாகத் தாங்க முடியாது என்பதால்தான் நம் முன்னோர் மகமை என்ற முறையைக் கண்டார்கள். விருதுநகரில் மகமையும் பிடி அரிசியும் சேர்ந்து நடத்திய பள்ளியில்தான் காமராசர் படித்தார். கடைக்கு நாளொன்றுக்கு 2 ரூபாய் எடுத்து வைத்தால், 100 கடை சேர்ந்து மாதம் 6,000 ரூபாய் ஆகும். பெரிய அறுவைச் சிகிச்சைக்கு அது போதாது. பேருந்துக் கட்டணத்துக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் போதும். பணத்தை மூவர் குழு ரசீது பார்த்துக் கொடுக்கட்டும். கணக்கைச் சங்கப் பலகையில் எழுதட்டும். உதவி பெற்றவர் பெயரை மட்டும் எழுத வேண்டாம்.

நம் கடையில் விற்கும் உப்பு யாரோ ஒருவர் வெயிலில் நின்று வாரியது. அவர் படுத்துவிட்டால் கதவைத் தட்டி விசாரிக்கும் முதல் ஆள் கடன்காரராக இல்லாமல் கடைக்காரராக இருக்கட்டும். அடுத்த மாதக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.