இறக்கையை வரைந்தது யார்?

1976 செப்டம்பர் 17 அன்று கலிஃபோர்னியாவின் பாம்டேலில், அமெரிக்காவின் முதல் விண்வெளி ஓடத்தைக் கொட்டகைக்கு வெளியே இழுத்துவந்து உலகுக்குக் காட்டினார்கள். அதற்கு முதலில் நினைத்திருந்த பெயர் ‘கான்ஸ்டிட்யூஷன்’. ‘ஸ்டார் ட்ரெக்’ தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள் வெள்ளை மாளிகைக்குக் கடிதமாக எழுதிக் குவிக்கவே, அதிபர் ஃபோர்டு இறங்கிவந்து, தொடரில் வரும் விண்கலத்தின் பெயரான ‘என்டர்ப்ரைஸ்’ என்று மாற்றவைத்தார். தொடரின் நடிகர்களே விழாவுக்கு வந்து வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஆராய்வதற்கென்றே கிளம்பிய, மனித குலம் முழுவதற்கும் பொதுவான, தொடரின் கற்பனை விண்வெளிக் கப்பற்படை நிஜத்தில் பிறந்துவிட்டதாக ரசிகர்கள் பூரித்தார்கள். அந்தத் தொடரிலேயே கேப்டனும் அட்மிரலும் டார்பிடோவும் உண்டு என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தொடரைப் படைத்த ஜீன் ராடன்பெரி இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். ஆனாலும் தன் கப்பற்படை ராணுவம் அல்ல என்றே கடைசிவரை சாதித்தார்.

அன்று பாம்டேலில் வெளியே வந்த ஓடத்துக்கு இரண்டு பெரிய முக்கோண இறக்கைகள் இருந்தன. அவற்றைக் கேட்டு வாங்கியது அமெரிக்க விமானப்படை.

விண்வெளியைப் பற்றி நம்மிடையே ஒரு நம்பிக்கை வேரூன்றிப் போயிருக்கிறது. அறிவியல்தான் முதலில் மேலே போனது, ராணுவம் பிறகு வந்து உள்ளே புகுந்துகொண்டது என்பதே அது. அமெரிக்கா 2019இல் விண்வெளிப் படையைத் தனிப் படையாக அறிவித்தபோது, ‘புனிதமான இடத்தில் பூட்ஸ் கால் வைத்துவிட்டார்கள்’ என்ற தொனியில் தலையங்கங்கள் வந்தன. இப்படி எழுதுபவர்கள் நல்லெண்ணக்காரர்கள்தான். ஆனால் அவர்கள் சொல்லும் வரலாறு நடக்கவே இல்லை. அந்தக் கதையை நம்புவதால் அதிகம் நஷ்டப்படுவதும் அவர்கள் காப்பாற்ற நினைக்கும் அறிவியல்தான்.

பிறப்பிலிருந்தே பார்ப்போம். 1955 பிப்ரவரியில், ஜேம்ஸ் கில்லியன் தலைமையிலான குழு ஒன்று அதிபர் ஐசன்ஹோவரிடம் அறிக்கை கொடுத்தது. சோவியத் யூனியன் திடீரென்று தாக்கினால் எப்படி முன்கூட்டியே அறிவது என்பதுதான் அந்தக் குழுவுக்குக் கொடுத்த கேள்வி. சிறிய அறிவியல் செயற்கைக்கோள் ஒன்றை முதலில் அனுப்பலாம் என்று அது யோசனை சொன்னது. அடுத்த நாட்டின் தலைக்கு மேலே ஒரு கோள் பறக்கலாமா கூடாதா என்று அன்று சட்டம் எதுவும் இல்லை. கருவிகளோடு ஒரு சாது முதலில் பறந்துவிட்டால் யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள், அந்த வழக்கம் நிலைத்தபின் உளவுக் கோள் பின்னாலேயே போகலாம் என்பது கணக்கு. மே மாதம் இது தேசியப் பாதுகாப்புக் கொள்கையானது. ஜூலை 29 அன்று, சர்வதேச புவி இயற்பியல் ஆண்டுக்கு அமெரிக்கா செயற்கைக்கோள் விடப்போகிறது என்று வெள்ளை மாளிகை அறிவித்தது. உலகம் கைதட்டியது. சரியாக மூன்று ஆண்டு கழித்து, 1958இல் அதே ஜூலை 29 அன்றுதான் நாசாவை உருவாக்கும் சட்டத்தில் ஐசன்ஹோவர் கையெழுத்திட்டார்.

அந்தச் சட்டத்தை ஆதாரமாகக் காட்டுபவர்கள், அமைதிக்காகவும் மனித குல நன்மைக்காகவும் என்ற பகுதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதன் தொடர்ச்சி, ஆயுதமும் ராணுவ நடவடிக்கையும் நாட்டுப் பாதுகாப்பும் சார்ந்த விண்வெளி வேலைகள் பாதுகாப்புத் துறையைச் சேரும் என்று சொல்கிறது. ஒரே சட்டத்தில் இரண்டு வாசல் வைத்துக் கட்டிய வீடு அது.

இரண்டாவது வாசலில் நடந்ததை வெளியே காட்டவில்லை. ‘டிஸ்கவரர்’ என்ற பெயரில் ஒரு வரிசைக் கோள்கள் போயின. பொறியியல், உயிரியல் ஆராய்ச்சி என்று பத்திரிகைகளுக்குச் சொன்னார்கள். 1959இல் டிஸ்கவரர் 3இல் நான்கு கறுப்பு எலிகளைக்கூட ஏற்றினார்கள். பாவம், அவை பிழைக்கவில்லை. எலிகள் போன அந்தத் திட்டத்தின் உண்மைப் பெயர் ‘கொரோனா’. 1960 ஆகஸ்டில் டிஸ்கவரர் 14இலிருந்து கழன்று பாராசூட்டில் இறங்கிய கூட்டை, பசிபிக் கடலுக்கு மேலே ஒரு விமானம் கொக்கி போட்டு நடுவானிலேயே பிடித்தது. உள்ளே இருந்தது படச்சுருள். அதுவரை யு-2 உளவு விமானங்கள் எல்லாம் சேர்ந்து எடுத்ததைவிட அதிகமான சோவியத் நிலப்பரப்பு அந்த ஒரே கூட்டில் இருந்தது. இந்த முழுப் பூசணிக்காயைச் சோற்றிலிருந்து வெளியே எடுக்க 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சோவியத் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? ஸ்புட்னிக்கைத் தூக்கிய ஆர்-7, அணுகுண்டைக் கண்டம் தாண்டி எறிவதற்காகப் பிறந்த ஏவுகணை. ககாரின் ஏறிய வஸ்தோக் கலமும் ‘ஸெனித்’ உளவுக் கோளும் ஒரே வடிவமைப்பின் இரண்டு பிள்ளைகள். ஒன்றில் மனிதருக்கு இருக்கை, மற்றதில் கேமரா. மனிதரை அனுப்ப வேண்டும் என்று துடித்த தலைமை வடிவமைப்பாளர் கோரல்யோவ், உளவுக்கும் இதே கூடு உதவும் என்று சொல்லித்தான் மேலிடத்தின் சம்மதத்தை வாங்கினார். 1974இல் ‘சல்யூத் 3’ என்ற விண்வெளி நிலையத்தில் உண்மையிலேயே ஒரு பீரங்கியைப் பொருத்தி அனுப்பினார்கள். ஆளில்லாத நேரம் பார்த்து அதைச் சுட்டும் பார்த்தார்கள்.

இனி இறக்கைக்கு வருவோம்.

மெர்க்குரி கலத்தை வடித்த நாசாவின் மாக்ஸ் ஃபேஜெட் ஓடத்துக்குப் போட்ட வரைபடத்தில் இறக்கைகள் சின்னவை, நேரானவை. வளிமண்டலத்துக்குள் வயிற்றைக் காட்டிக்கொண்டு விழுந்து, வேகம் அடங்கியதும் சாதாரண விமானம் போல இறங்கினால் போதும் என்பது அவர் எண்ணம். விமானப்படையின் கணக்கு வேறு. கலிஃபோர்னியாவின் வாண்டன்பெர்க் தளத்திலிருந்து ஓடம் துருவப் பாதையில் கிளம்ப வேண்டும். ஒரே சுற்றில் ஒரு கோளை விட்டுவிட்டோ, மேலே இருப்பதைப் பிடித்துக்கொண்டோ, எதிரி சுதாரிப்பதற்குள் வாண்டன்பெர்க்கிலேயே வந்து இறங்க வேண்டும்.

ஒரு சுற்றுக்குச் சுமார் 90 நிமிடம். அதுவரை பூமி சும்மா இருக்குமா? 22 டிகிரிக்கும் மேல் கிழக்கே திரும்பிவிடும். ஓடம் சுற்றி வரும்போது தளம் சுமார் 2,000 கிலோமீட்டர் நகர்ந்திருக்கும், ஓடத்தின் கீழே வெறும் பசிபிக் கடல்தான் இருக்கும். இன்ஜின் உதவி இல்லாமல் அந்தத் தூரத்தைப் பக்கவாட்டில் சறுக்கியே கடக்க வேண்டும். நேரான குட்டி இறக்கைக்கு அந்தத் திராணி கிடையாது. அதனால் முக்கோண இறக்கை வந்தது. அதோடு எடையும் கூடியது. கொதிக்கும் காற்றில் கூடுதல் நேரம் சறுக்க வேண்டியிருந்ததால் வெப்பக் காப்புச் சுமையும் கூடியது. சரக்கு அறையின் 15 அடி அகலம் விண்வெளி நிலையக் கனவுக்காக நாசாவே விரும்பியது. 60 அடி நீளமோ உளவுக் கோள்களுக்காக விமானப்படை கேட்டது.

நாசா ஏன் தலையாட்டியது? நிலவுப் பயணம் முடிந்துகொண்டிருந்தது, பணம் வற்றிக்கொண்டிருந்தது. நாட்டின் எல்லாக் கோள்களையும் ஓடமே தூக்கும் என்று காட்டினால்தான் செலவுக் கணக்கு நிற்கும். அதற்குப் பாதுகாப்புத் துறையின் ஆதரவு வேண்டும். ஆக, யாரும் வந்து நாசாவைக் கெடுக்கவில்லை. தன் ஓடம் பிழைப்பதற்காக நாசாவே போய்க் கதவைத் தட்டியது. 1972 ஜனவரி 5 அன்று நிக்சன் சம்மதித்தார்.

அந்த ஒரு சுற்றுப் பயணம் ஒருமுறைகூட நடக்கவில்லை. வாண்டன்பெர்க்கில் 300 கோடி டாலருக்கு மேல் கொட்டித் தயாரித்த ஏவுமேடையிலிருந்து ஒரு ஓடமும் கிளம்பவில்லை. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் ஏழு பேரோடு அழிந்தபின், விமானப்படை தன் கனரகக் கோள்களுக்குத் தனி ராக்கெட்டுகளை நாடிப் போய்விட்டது. மிச்சமிருந்த சில ரகசியப் பயணங்களும் 1992 டிசம்பரோடு முடிந்தன. கேட்டவர் கிளம்பிப் போனபிறகும் அவர் கேட்ட இறக்கையைச் சுமந்துகொண்டு ஓடங்கள் 2011 வரை பறந்தன.

இங்கே நிதானம் வேண்டும். சேலஞ்சர் சிதறியது குளிரில் விறைத்த ரப்பர் வளையத்தால். அதற்கு இறக்கை காரணமில்லை. பட்ஜெட் கத்தரியும் நாசாவின் அவசரமும் சேர்ந்து செய்த பிழைகள் பல. ஆனால் 2003இல் இடது இறக்கையின் முன்விளிம்பு உடைந்து கொலம்பியா அழிந்தபோது, விசாரணைக் குழு அந்த ஒரு துளையோடு நிற்கவில்லை. ஓடம் எத்தனை பேரின் எத்தனை சமரசங்களில் பிறந்தது என்ற பழங்கதையையும் தன் அறிக்கையில் எடுத்துப் பேசியது. அந்தக் கேள்வியை 1972இலேயே மக்கள் கேட்டிருக்கலாம். அவர்கள் கேட்காததற்கு ஒரு காரணம், அது அறிவியலின் வாகனம் என்ற நம்பிக்கை. சொந்தக் குழந்தை யார் சாயலில் பிறந்திருக்கிறது என்று யாரும் உற்றுப் பார்க்கவில்லை.

உற்றுப் பார்த்தவர்கள் மாஸ்கோவில் இருந்தார்கள். சோவியத் விஞ்ஞானி கெல்டிஷின் கணித நிறுவனத்தினர் ஓடத்தின் கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். நாசா சொல்லும் செலவுச் சிக்கனம் எந்தக் கூட்டலிலும் வரவில்லை. அப்படியென்றால் இது ஆயுதமாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். ஓடத்தை நியாயப்படுத்தச் சொன்ன பொருளாதாரமே பொய்யாக இருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. விளைவு ‘புரான்’: ஒரு தேசத்தின் கருவூலத்தைத் தின்று, 1988 நவம்பர் 15 அன்று ஆளில்லாமல் ஒரே ஒருமுறை பறந்து, கொட்டகைக்குத் திரும்பிய ஓடம். ஒரு பக்கம் பேச்சை நம்பியது, மறுபக்கம் வரைபடத்தை மட்டும் நம்பியது. இரண்டு தரப்புக்கும் தண்டச் செலவு.

‘அப்படியானால் அறிவியல் என்பதே வேஷமா?’ என்று அடுத்த ஓரத்துக்குத் தாவுபவர்களும் உண்டு. அதுவும் சோம்பேறித்தனம்தான். யாராவது ரகசியமாக அணுகுண்டு வெடிக்கிறார்களா என்று காவல் காக்க அமெரிக்கா அனுப்பிய ‘வேலா’ கோள்கள், 1967 ஜூலையில் குண்டுக்குச் சம்பந்தமில்லாத ஒரு காமாக் கதிர் வீச்சைப் பதிவு செய்தன. அது பூமியிலிருந்தும் வரவில்லை, சூரியனிலிருந்தும் வரவில்லை. லாஸ் அலமாஸ் விஞ்ஞானிகள் 1973இல்தான் இத்தகைய வெடிப்புகளைப் பற்றி வெளியே எழுதினார்கள். பிரபஞ்சத்தின் மிகப் பெரிய வெடிப்புகளைக் கண்டுபிடித்த கதை இது. ஹப்பிள் தொலைநோக்கியின் ஆடியை 3 மீட்டரிலிருந்து 2.4 மீட்டராகக் குறைத்தபோது, உளவுக் கோள்களுக்காக வளர்ந்த உற்பத்தி முறை கைகொடுத்து, செலவு குறைந்தது. 1990இல் ஹப்பிள் மேலே போனதும் அந்த 60 அடி அறையில்தான். 2012இல் அமெரிக்க உளவுக் கோள் நிறுவனம், தனக்கு வேண்டாமல் போன இரண்டு 2.4 மீட்டர் தொலைநோக்கிகளை நாசாவுக்குக் கொடுத்தது. அவற்றில் ஒன்றிலிருந்துதான் நான்சி கிரேஸ் ரோமன் தொலைநோக்கி உருவானது. விண்ணை ஆராய்பவர்களுக்கு ஹப்பிள் தரத்தில் ஒன்று கிடைக்கப் பல ஆண்டு போராட வேண்டியிருந்தது. மற்றவர்களின் கிடங்கில் இரண்டு உபரியாகக் கிடந்திருக்கின்றன. பணம் எந்த வாசல் வழியே போனது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

1985 செப்டம்பர் 13 அன்று ஒரு எஃப்-15 போர் விமானம் ஏவுகணை வீசி, சூரியனை ஆராய்ந்துகொண்டிருந்த ‘சோல்விண்ட்’ கோளை உடைத்தது. நன்றாக வேலை செய்துகொண்டிருந்த, பல வால்நட்சத்திரங்களைக் கண்டுபிடித்திருந்த கருவியைச் சுடலாமா என்று விஞ்ஞானிகள் கொதித்தார்கள். ராணுவம் அறிவியலைச் சுட்ட கதையாக இதை இன்றும் சொல்வதுண்டு. ஆனால் அந்தக் கோளை 1979இல் அனுப்பியதே பாதுகாப்புத் துறைதான். சூரியனைப் பார்த்த கருவி கடற்படை ஆய்வகத்துடையது. வீட்டுக்காரர் தன் வீட்டை இடித்தார், உள்ளே குடியிருந்தவருக்குக் கேட்கும் உரிமை இல்லை. குடியிருந்தவர் வீடு தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்ததுதான் பிரச்சினை. அந்த நினைப்பு இல்லாதிருந்தால், இத்தனை ஆண்டு தொட மாட்டோம் என்று முதல் நாளே எழுதி வாங்கியிருக்கலாம்.

இந்தியாவிலும் இதே நம்பிக்கை, இன்னும் கொஞ்சம் பக்தியோடு உண்டு. தும்பாவில் 1963 நவம்பர் 21 அன்று கிளம்பிய முதல் ராக்கெட், மாதா கோயிலில் இயங்கிய அலுவலகம், சைக்கிளில் போன பாகங்கள் என்று அந்த எளிமையைச் சொல்லி உருகுகிறோம். உருக வேண்டியதுதான். ஆனால் ராமேஸ்வரத்திலிருந்து போன அப்துல் கலாம் 1980இல் எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டை வெற்றிகரமாக ஏவி, 1982இல் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனார். 1989இல் பறந்த அக்னி ஏவுகணையின் முதல் அடுக்கு அந்த எஸ்.எல்.வி.யிலிருந்து வந்தது. அவர் இதை எங்கும் மறைத்ததில்லை. நாம்தான் ராக்கெட் கலாமை ஒரு பாடத்திலும் ஏவுகணைக் கலாமை இன்னொரு பாடத்திலும் வைத்துப் படிக்கிறோம்.

2019 ஜனவரி 24 அன்று இரவு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி44 கிளம்பியது. அதில் சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பில் மாணவர்கள் செய்த 1.26 கிலோ கலாம்சாட் இருந்தது. நம் ஊரில் பேச்செல்லாம் அதைப் பற்றித்தான். கட்டணம் வாங்காமல் இஸ்ரோ ஏற்றிச் சென்றதை எல்லோரும் பாராட்டினோம். அதே ராக்கெட்டின் முதன்மைச் சுமை, 740 கிலோ எடையுள்ள மைக்ரோசாட்-ஆர். படம் பிடிக்கும் கோள் என்று அறிவித்திருந்தார்கள். அது எதற்காக அவ்வளவு தாழ்வான பாதையில் நிறுத்தப்பட்டது என்பது, சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில் நம் ஏவுகணையே அதைத் தூளாக்கிய மார்ச் 27 அன்று தெரிந்தது.